மாரிகாலமும் துவிச்சக்கர வண்டியும்

ஐப்பசி பிறந்ததும் வடகீழ்ப் பருவக்காற்று யாழ்ப்பாணத்திற்கு மாரியைக் கொணர்கின்றது. துவிச்சக்கர வண்டியிற் பாடசாலை செல்லும் பிள்ளைகள் அவதானமாயிருக்கவேண்டிய காலம் இது.

மழையின் முதற் சில நிமிடங்களில், தெருவிற் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரிற் கலந்து வழுக்குகின்றன. சக்கரத்தின் விளிம்பு நனைந்தால் பிறேக் உடனே பற்றாது. ஆதலின் சந்தியை அணுகுமுன்னரே அதனை மெல்ல அழுத்தி, விளிம்பின் நீரைத் துடைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு கையிற் குடை பிடிப்பவனுக்கு எஞ்சுவது ஒரு பிறேக்கே. வெள்ளம் குழியை மறைத்திருக்கும். அவ்விடத்தில் இறங்கி உருட்டிச் செல்வதே நன்று. இருண்ட பொழுதில் விளக்கு வழியைக் காண்பதற்கு மட்டுமன்று. பஸ் சாரதியின் கண்ணிற் படுவதற்குமாகும்.

மழைநாளிற் பிந்தி வரும் பிள்ளையை ஆசிரியர் கடிந்துகொள்ளலாகாது. மணியோசைக்கு அஞ்சி விரையும் பிள்ளைக்கே வழுக்கும் தெரு பகையாகின்றது.