வரி கேட்டு வரும் அழைப்பும் நம் அடையாள அட்டையும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேச எவ்வளவோ இருக்கும்போது, போனில் வரும் ஏமாற்று வேலைக்கு ஏன் நேரம் ஒதுக்கினோம் என்று சிலர் நினைக்கலாம். ஐம்பது, நூறு ரூபா கூட்டி வாங்க நாம் எத்தனை நாள் வேலைநிறுத்தம் செய்கிறோம்? அந்தப் பணத்தை ஒருவன் ஒரே அழைப்பில் எடுத்துக்கொண்டு போகிறான். அதனால் இதுவும் சம்பளப் பேச்சுத்தான்.

2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. டின் நம்பர் என்று நாம் சொல்வது அந்தப் பதிவில் கிடைக்கும் இலக்கத்தைத்தான். அறிவிப்பு வந்ததும் 50,000 ரூபா தண்டப்பணம் என்ற பேச்சு லயத்துக்கு லயம் பரவியது. கொழுந்து பறிக்கிறவருக்கும் வரியா, பேங்க் புத்தகத்தில் கிடப்பதை வெட்டிவிடுவார்களா என்று வயதானவர்கள் தூங்காமல் இருந்தார்கள். பயம் இருக்கும் இடத்துக்குத்தான் ஏமாற்றுக்காரனும் வருவான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2025 ஏப்ரலிலிருந்து ஒருவருடைய வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டினால்தான் வருமான வரி. மாதத்துக்கு ஒன்றரை இலட்சம். நாட்சம்பளம் 1,700 ரூபா என்றே வைத்து, மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 42,500 ரூபா. வருடத்துக்கு 5 இலட்சத்து 10 ஆயிரம். புருசன் பெண்சாதி இருவர் சம்பளத்தையும் கூட்டினாலும் 18 இலட்சத்துக்குக் கிட்டவும் வராது. இருவருக்கும் கணக்கும் வேறு வேறுதான், கூட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லை. டின் நம்பர் எடுப்பது பெயரைப் பதிவது மட்டும்தான். அதற்காக வரி கட்ட வேண்டியதில்லை. பதியவும் காசு இல்லை. “உங்களுக்கு வரிப் பாக்கி இருக்கு, இன்றைக்குள் இந்தக் கணக்கில் போடுங்க, இல்லாவிட்டால் பொலிஸ் வரும்” என்று ஒரு தொழிலாளியிடம் ஒருவன் சொன்னால், இந்தக் கணக்கு ஒன்றே அவனுடைய பொய்யைக் காட்டிவிடும்.

இன்னொரு வகை அழைப்பு பயமுறுத்தாது, ஆசை காட்டும். ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் சேமலாப நிதிப் பணத்தை பேங்கில் நிலையான வைப்பில் போட்டிருப்பார். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வட்டியில் நூற்றுக்குப் பத்து ரூபா வரியாக வெட்டப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே உள்ளவர்கள் பேங்கிலேயே ஒரு பிரகடனப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து அந்த வெட்டை நிறுத்திக்கொள்ளலாம். இது நமக்கு உள்ள உரிமை. ஆனால் நம்மில் பலருக்கு இது தெரியாது. தெரியாத இடத்தில் ஒருவன் வந்து, “வெட்டின வரியை எடுத்துத் தாறேன், பேங்க் கார்டு நம்பரைச் சொல்லுங்க, போனுக்கு வரும் ஆறு இலக்கத்தையும் சொல்லுங்க” என்பான். அந்த ஆறு இலக்கம்தான் ஓ.டி.பி. அது நம் பெட்டியின் சாவி. பேங்க் மெனேஜரே கேட்டாலும் அதைச் சொல்லக் கூடாது. உண்மையான மெனேஜர் கேட்கவும் மாட்டார். அஸ்வெசும பணம் கூடியிருக்கு, இந்த லிங்க்கை அமுக்குங்க என்று வருவதும் இதே வேலைதான்.

“சார், அவன் என் பெயரைச் சொன்னான், பிறந்த நாளையும் சொன்னான், ஒப்பீஸ்காரனாய் இல்லாமல் எப்படித் தெரியும்?” என்று கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

உங்கள் அடையாள அட்டையைக் கையில் எடுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டியிருக்கும். 78 என்று தொடங்கி அடுத்து 501 என்று இருந்தால், 1978 ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண். 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாகவே இருக்கும். ஆகவே நம் அட்டை இலக்கம் கிடைத்தவனுக்கு நம் வயது, பிறந்த நாள், ஆணா பெண்ணா எல்லாம் தெரியும். போட்டோக்கொப்பி கிடைத்தவனுக்கு விலாசமும் தெரியும். சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

அந்தக் கொப்பி எங்கெல்லாம் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சிம் வாங்கின கடை, தவணைக்கு டீவி எடுத்த கடை, குழுக்கடன் கொடுக்க வந்தவருடைய பை, வெளிநாட்டு வேலைக்கு என்று வந்த ஏஜென்டுடைய பைல். கொமியுனிகேசனில் கறுப்பாக விழுந்த கொப்பியைக் கசக்கிக் குப்பையில் போடுகிறார்கள், நாமும் பார்த்துக்கொண்டே வருகிறோம். பக்கத்து வீட்டுத் தம்பி போன் எடுக்க, “உங்க ஐடியைக் கொஞ்சம் தாங்கக்கா” என்றால் மறுக்க மனம் வராது. அவன் தவணை கட்டாவிட்டால் கடிதம் அக்கா பெயருக்குத்தான் வரும். அவன் அந்த சிம்மில் யாரையாவது ஏமாற்றினால் பொலிஸ் முதலில் தேடி வருவதும் அக்காவைத்தான். உறவு உறவாகவே இருக்கட்டும், அட்டையை மட்டும் கொடுக்க வேண்டாம்.

நம் ஆட்களுக்கு இந்த அட்டை இலேசாகக் கிடைத்த ஒன்றல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். துண்டுக் கடதாசி ஒன்று இல்லாததால் வாக்கும் இல்லை, காணியும் இல்லை என்று இருந்த சனம் நாம். அதனாலோ என்னவோ, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கடதாசி கேட்டால் ஏன் என்று கேட்காமல் எடுத்து நீட்டும் பழக்கம் நம் இரத்தத்தில் ஊறிவிட்டது. கேட்டால் காரியம் நடக்காது என்ற பயம். இனி கேட்போம். எதற்கு, யாருக்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்போம். கொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, “சிம் பெற மட்டும்” என்று திகதியோடு பேனாவால் எழுதிக் கையெழுத்து வைப்போம். வேறு காரியத்துக்கு எடுக்க அது கஷ்டமாகிவிடும்.

பாடசாலையில் நாம் இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வருகிறோம். ஏனென்றால் வீட்டில் போன் அவர்கள் கையில்தான். “இங்கிலிசில வந்திருக்கு, என்னான்னு பாரு” என்று அம்மா நீட்டுவார், பிள்ளை அமுக்கிவிடும். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. தமிழ் 1987ஆம் ஆண்டிலிருந்து அரசகரும மொழி. நமக்கு வரும் அரச அறிவித்தல் தமிழில் வந்தால் எது உண்மை, எது பொய் என்று நாமே பிரித்தறிவோம். இதைச் சங்கம் தொடர்ந்து கேட்க வேண்டும். தோட்ட அலுவலகங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் நம் அட்டைக் கொப்பிகளைப் பூட்டி வைக்கச் சொல்லி நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும்.

கடைக்கடனுக்கு ஈடாக பேங்க் கார்டையும் பின் நம்பரையும் முதலாளியிடம் கொடுத்து வைத்திருப்பவர்கள் நாளைக்கே போய் வாங்குங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏற்கனவே இலக்கத்தைச் சொல்லிவிட்டவர்கள், பணம் போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். படித்த உத்தியோகத்தர்களும் ஏமாறுகிறார்கள். முதல் வேலை, கார்டின் பின்பக்கத்தில் உள்ள பேங்க் இலக்கத்துக்கு அழைத்துக் கார்டை நிறுத்தச் சொல்வது. அந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்காதீர்கள், அழைப்பு வந்த இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பிறகு பொலிசில் முறைப்பாடு செய்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அட்டை தொலைந்தாலும் முதலில் பொலிஸ், அடுத்தது கிராம சேவகர். போன், இணைய மோசடிகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அழைக்கலாம். வரி பற்றிச் சந்தேகமென்றால் இறைவரித் திணைக்களத்தின் 1944. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை போன் கம்பனிக் கிளையில் அட்டையைக் காட்டிக் கேட்கலாம்.

எழுத வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் கடிதத்தையோ போனையோ அப்படியே பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். பின்னேரம் நான்கு மணி வரை இருப்போம். கொழுந்து நிறுத்துவிட்டு வரச் சுணங்கினால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், காத்திருக்கிறோம்.