எல்லோரும் எழுந்து நிற்கும்போது

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மெயின்டனன்ஸ் கணக்கு, தண்ணீர் லாரி எல்லாவற்றையும் செயலாளர் பேசிவிட்டார். எனக்குப் பத்து நிமிடம்தான். போன வருடம் நாம் சேர்ந்து கிரிக்கெட் மேட்ச் பார்க்கப் போனோமே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். டிக்கெட் எடுத்தவன் நான். அதனால் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

நாம் 42 பேர் போனோம். அதில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர். யார் என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புக் செய்யும்போது "வீல்சேர் வசதி உண்டா?" என்று கேட்டேன். "உண்டு சார்" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

சாய்தளம் இருந்தது, பொய் இல்லை. உள்ளே போனதும் ஸ்டாண்டின் அடியில், நாற்காலி வரிசைகளுக்குப் பின்னால் அவரை நிறுத்தச் சொன்னார்கள். முன்னால் இருந்தவர்கள் உட்கார்ந்திருந்த வரைக்கும் பிட்ச் தெரிந்தது. பந்து காற்றில் போனதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவருக்குத் தெரிந்தது முதுகுகள்தான். "என்ன ஆச்சு, சிக்ஸா, கேட்ச்சா?" என்று ஒவ்வொரு தடவையும் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். பத்து ஓவருக்குப் பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார். அவர் மனைவிக்குச் சீட் மேலே, எங்கோ. கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது என்பதால் அன்றைக்கு முழுக்க அவர் தண்ணீரே குடிக்கவில்லை. இது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கையில் ஜூஸோடு பக்கத்தில் நின்றிருக்கிறேன், பாருங்கள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் படித்தேன். இந்த 'எழுந்து நிற்கும்' விஷயத்துக்காக ஒரு வழக்கே நடந்திருக்கிறது. 1990-களில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பெரிய கூடைப்பந்து அரங்கம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்களின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. எங்களுக்கு இடம் கொடுத்தால் மட்டும் போதாது, முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றாலும் அவர்கள் தலைக்கு மேலே ஆட்டம் தெரிய வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. சக்கர நாற்காலி இடங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அப்படித் தெரிய வேண்டும் என்றது. இதற்குப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். அந்த மேடையைப் போதுமான அளவு உயர்த்திக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வரைபடம் போடும்போதே செய்ய வேண்டும். கட்டி முடித்துவிட்டால் இடித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

எத்தனை இடம் என்பதற்கும் அங்கே கணக்கு இருக்கிறது. முதல் 5,000 இருக்கைக்கு 36 இடம், அதற்கு மேல் ஒவ்வொரு 200 இருக்கைக்கும் ஒன்று. 40,000 பேர் அமரும் மைதானம் என்றால் 211 இடம் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூட வருபவருக்கு ஒரு சீட். எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவித்துவிடவும் கூடாது.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கால்பந்து கிளப்புகள் 2017 ஆகஸ்டுக்குள் வசதிகளைச் சரிசெய்வதாக 2015-ல் ஒப்புக்கொண்டன. ஆட்டக்காரருக்குக் கோடிகளைக் கொட்டுகிற கிளப்புகள்தான். அதிலும் சில, கெடு வந்தபோது முடிக்கவில்லை!

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பொழுதுபோக்குக்காக மக்கள் கூடும் கட்டடமும் அதில் பொதுக் கட்டடம்தான், அரசு கட்டியதோ தனியார் கட்டியதோ. ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களுக்கு விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடம் அவகாசம். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இந்த வருடமும் மேட்ச் போகலாம் என்று பேச்சு இருக்கிறது. புக் செய்யும்முன் இந்த முறை எழுத்தில் கேட்கப் போகிறேன். முன்னால் இருப்பவர்கள் எழுந்தால் ஆட்டம் தெரியுமா, கூட வருபவருக்குப் பக்கத்தில் சீட் உண்டா, கழிப்பறைக் கதவு எத்தனை அகலம், பஸ் எந்த கேட் வரை வரும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அந்த மேட்ச் வேண்டாம் என்று நான் சொல்வேன். உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். அவரிடமும் கேட்டுவிட்டேன். "வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் சீட் இருந்தால் வர்றேன் சார்" என்றார்.

இன்னொன்று. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஹாலுக்கு மூன்று படி இருக்கிறது. அவர் இன்றைக்கு வரவில்லை. படிகளின் உயரம் மொத்தம் ஒன்றரை அடி. ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு, ஆக 18 அடியில் சாய்தளம் வேண்டும். தோட்டத்துப் பக்கம் இடம் இருக்கிறது, டேப் வைத்து அளந்துவிட்டேன். கொத்தனார் இந்த வாரம் வந்து பார்த்துச் செலவைச் சொல்வார். பொருளாளர் அதைச் சங்க நிதியிலிருந்து எடுக்கலாமா என்று இப்போதே உங்களைக் கேட்கிறேன். சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள்.