தன்னிறைவு என்பது யாருடைய நிறைவு?

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வறண்ட நிலத்தில் ஓர் ஊர் தன் காலில் நிற்பது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கொங்கு நாட்டில் இப்பொருளைப் பேசுவது பொருத்தமே. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே பொழிந்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே வெறுங்காற்றாக நம்மிடம் வந்து சேர்கிறது. ஆற்றுப்பாசனம் எட்டாத இடமெல்லாம் இங்கு வேளாண்மை கிணற்றை நம்பியே நடந்தது.

அக்கிணறுகளின் வரலாற்றில் நம் வரலாறும் அடங்கியிருக்கிறது. கவலை இறைப்பதற்கு வேண்டிய தோற்சாலையும் வாரையும் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததிய மக்கள். அவர்கள் தைத்த தோலில்தான் இந்நாட்டின் நீர் மேலே ஏறியது. ஆயினும் தைத்த கைகள் ஊர்க் கிணற்றைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டன. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. அதன்பின் மின்மோட்டார்கள் பெருகப் பெருகத் தோற்சாலின் தேவை மறைந்தது. மோட்டார் நிலமுடையவர் கையில் இருந்தது. பழைய கருவியில் நமக்கு உழைப்பு இருந்தது, உரிமை இல்லை. புதிய கருவியில் இரண்டும் இல்லாமற் போயின.

ஆகவே தன்னிறைவு என்ற சொல்லைக் கேட்கும்போது, "யாருடைய நிறைவு?" என்று நாம் கேட்டாக வேண்டும். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், பழைய கிராமக் குடியரசுகளைப் போற்றியவர்களைக் கடுமையாக மறுத்தார். அக்கிராமங்களின் அறியாமையையும் குறுகிய மனப்பான்மையையும் எடுத்துக்காட்டினார். ஊர் தன்னிறைவோடு இருந்ததென்றால், அதற்குச் சேரியின் கூலியற்ற உழைப்பும் ஒரு காரணம் என்பதை நாம் நம் வாழ்விலிருந்தே அறிவோம். அந்தத் தன்னிறைவு நமக்கு வேண்டாம்.

பின் எத்தகைய தன்னிறைவு வேண்டும்? நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது. பவானி ஆறு அருகிலேயே ஓடினாலும், நீரை மேலேற்றி வீதிக்கு அனுப்ப மின்சாரம் வேண்டும். 1996ஆம் ஆண்டில் திரு. ஆர். சண்முகம் தலைவரானார். குடிநீர்த் திட்டமும் தெருவிளக்கும் விரிவடைய, மின்கட்டணமும் பன்மடங்கு உயர்ந்தது. கட்டணம் உயர்கிறதே என்று விளக்கை அணைத்துவிடவில்லை; மின்சாரத்தை நாமே ஆக்கிக்கொள்ளலாமா என்று எண்ணினார்கள்.

2003இல் மரத்துண்டுகளிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தரும் 9 கிலோவாட் பொறி ஒன்றை நிறுவிக் குடிநீர் இறைத்தார்கள். 2006இல் உடுமலைப்பேட்டை அருகே மயிவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரிலேயே வாங்கினார்கள். விலை ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். ஊராட்சியின் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்திற்கு விற்று, அவ்வருவாயைக் கொண்டு கடன் தவணையைச் செலுத்தினார்கள். மழையைத் தராமல் நம்மை வாட்டும் அந்தக் கணவாய்க் காற்றே அங்கு விளக்கெரித்தது!

இதில் நான் வியப்பது பொறியை அன்று. அது எவர் பெயரில் இருந்தது என்பதையே வியக்கிறேன். தனியார் கிணற்றுக்கு உரிமையாளர் பூட்டுப் போடலாம். ஊராட்சியின் சொத்திலோ சட்டப்படி ஊரார் எல்லோருக்கும் பங்குண்டு.

ஆனால் சட்டப்படி என்றுதான் சொன்னேன். குழாய் நம் தெருவுக்கு முன்பே நின்றுவிடுவதும் உண்டு. பொறி சாதியை ஒழிக்காது. மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் அவர்கள், நாற்காலியில் அமர முற்பட்டதற்காக 1997இல் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதே காலத்தில் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் நம் சமூகத்தில் பிறந்த பொறியாளர் இளங்கோ அவர்கள் தலைவராக இருந்து, இரட்டை வீடுகளைக் கட்டுவித்தார். ஒரு சுவரின் இப்பக்கம் தலித் குடும்பம், அப்பக்கம் பிற சாதிக் குடும்பம். உள்ளூர் மண்ணில் அழுத்திச் செய்த கற்களால், உள்ளூர் மக்களின் உழைப்பால் அவ்வீடுகள் எழுந்தன. வேலையும் கூலியும் ஊரிலேயே தங்கின. சமத்துவமும் சிக்கனமும் ஒரே சுவரில் நிற்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

இனி, இச்சங்கத்திற்கு வருகிறேன். கால் நூற்றாண்டாக நம் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறீர்கள். படித்தவர்கள் பணிக்குச் செல்கிறார்கள், செல்லட்டும், மகிழ்ச்சியே. ஆனால் காற்றாலையை வாங்கிய ஊராட்சியை இயக்கியது வரவு செலவைப் படிக்கத் தெரிந்த அறிவு. அந்த அறிவு நம் தெருவிலும் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூடுகிறது. மாணவச் செல்வங்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அதில் போய் அமருங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு முடிகிறது? ஊராட்சியின் மின்கட்டணம் எவ்வளவு? நமக்கென ஒதுக்கிய பணம் எதற்குச் செலவாயிற்று? விடையை எழுதி வந்து உங்கள் தெரு மக்களுக்குப் படித்துக் காட்டுங்கள். தனியே போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். தாய்மார்களையும் அழைத்துச் செல்லுங்கள். தண்ணீரின் அருமையைத் தலையில் சுமந்து அறிந்தவர்கள் அவர்களே.

அன்று நாம் தைத்த சாலில் ஊரார் நீர் இறைத்தார்கள். இனி ஊரின் நீருக்கும் ஒளிக்கும் கணக்கு எழுதும் கைகளுள் நம் கைகளும் இருக்கட்டும். அந்நாளில்தான் ஊர் தன்னிறைவு பெற்றது என்று நாம் சொல்ல முடியும்.