அசன்பேயும் ஒரு தாயின் கடிதமும்



ஈழநாட்டின் முதல் தமிழ் நாவல் எது என்று வினவினால், பாடசாலை மாணவியர் தயங்காமல் விடை கூறுவர்: "அசன்பே சரித்திரம், 1885, சித்தி லெப்பை." பரீட்சைக்கு அவ்விடை போதும். ஆனால் அந்த நாவலைக் கையிலெடுத்து வாசித்த மாணவியர் எத்தனை பேர்? அவர்களுடைய தாய்மாருள் எத்தனை பேர்?

முகம்மது காசிம் சித்தி லெப்பை 1838ஆம் ஆண்டு கண்டியிலே பிறந்தவர். சட்டத்துறையில் தொழில் புரிந்தவர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு பாடசாலையை ஏற்படுத்தினார். பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கிய காலம் அது. அவருடைய சகோதரி முத்து நாச்சியாரே அப்பாடசாலையின் பொறுப்பை ஏற்று நடத்தினார். நாவலை எழுதிய கையே பெண்களுக்குப் பாடசாலைக் கதவையும் திறந்தது. ஆதலால் அந்நூலைத் தாயும் மகளும் சேர்ந்து வாசிப்பது மிகப் பொருத்தமான செயலாகும்.

கதையின் சுருக்கம் இதுதான். எகிப்து தேசத்தில் உயர்குடியில் பிறந்த குழந்தை களவாடப்பட்டுப் பம்பாயில் வளர்கிறது. வளர்ந்த அசன் கல்கத்தா செல்கிறான்; பல இன்னல்களைக் கடந்து, இறுதியில் எகிப்து திரும்பிப் பெற்றோரை அடைகிறான். நூறாண்டுக்கு மேற்பட்ட நடையாதலின், நாளொன்றுக்கு இரண்டு மூன்று பக்கங்கள் போதும். மகள் உரக்க வாசிக்கட்டும். எழுத்தறியாத தாயும் அப்போது வாசகியாகிவிடுகிறாள். வாசித்தபின், போயா விடுமுறை நாட்களில் செய்யத்தக்க மூன்று கைவேலைகள் உண்டு.

முதலாவது, நூல்வழித் தேசப்படம். பழைய மட்டையொன்றிலே கோதுமை மாப் பசையால் கடதாசி ஒட்டி, எகிப்திலிருந்து வங்காளம் வரையுள்ள நாடுகளை மகள் வரையட்டும். கெய்ரோ, சுயஸ், ஏடன், பம்பாய், கல்கத்தா ஆகிய இடங்களில் ஊசியால் துளையிட்டுத் தாய் சிவப்பு நூலைக் கோத்துச் செல்லட்டும். பம்பாயைக் கடந்ததும் ஒரு கேள்வி எழும். கல்கத்தாவுக்கு எவ்வழி? 1870 முதல் இரு நகரங்களையும் இரயில் பாதை இணைத்தது. கடல்வழி எனின், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் அங்கே செல்ல இயலா. நூல் இலங்கையைச் சுற்றியே போக வேண்டும். நமது தீவு ஏன் கப்பல்களின் தங்குமிடமாயிற்று என்பதை மகள் தன் விரலாலேயே அறிந்துகொள்வாள்.

இரண்டாவது, தாயின் கடிதம். பிள்ளையை இழந்த அந்தத் தாய் மகனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாள்? தாய் சொல்ல, மகள் எழுதட்டும். சொற்களைத் திருத்த வேண்டா. தாய் பேசியவாறே எழுதினாற் போதும். இன்று கண்டியைச் சூழ்ந்த ஊர்களிலும் தோட்டங்களிலும் கதை தலைகீழாகியிருக்கும் வீடுகள் பல. அங்கே பிள்ளை வீட்டிலிருக்கிறது. தாய் கடல் கடந்து அரபு நாட்டிலே உழைக்கிறாள். அவ்வீடுகளில் அம்மம்மாவோ உம்மும்மாவோ அருகிருக்க, மகள் தாய்க்கு எழுதட்டும். தொலைபேசியில் நாள்தோறும் பேசினாலும் வாய் சொல்லத் தயங்குவதைக் கை எழுதிவிடும். அக்கடிதத்தை மட்டும் பெட்டியில் வைத்திராமல் அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாவது, வீட்டுச் சரித்திரம். ஒரு கொப்பிக்குப் பழைய சேலைத் துணியால் உறை தைக்க வேண்டும். தையலைத் தாய் கற்பிப்பாள். பக்கங்களை மகள் நிரப்புவாள். தாய் எங்கே பிறந்தாள்? எந்த வகுப்புவரை படித்தாள்? ஏன் நிறுத்தினாள்? இக்கடைசிக் கேள்விக்கு விடை உடனே வராது. ஊசி ஓடும்போது, முகம் பார்க்காத வேளையில், மெல்ல வரும். அதுவே இம்மூன்று வேலைகளின் பெரும்பயன்.

இயன்றவர்கள் ஒருநாள் நகருக்கு வரலாம். எகிப்தின் விடுதலைக்காகப் போராடி 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட அராபி பாஷா, தாயகம் திரும்பிய 1901க்கு முன் சில ஆண்டுகள் கண்டியிலே வாழ்ந்தார். அவர் வாழ்ந்த இல்லம் பின்னர் அவர் பெயரால் நினைவகமாயிற்று. சித்தி லெப்பையின் கல்விப் பணிக்குத் துணைநின்றவர் அவர். கதையின் எகிப்து நம் ஊர்த் தெருவுக்கே வந்திருந்தது என்பதை மகள் அங்கே உணர்வாள்.

இவற்றுக்கு ஆகும் செலவு சில கடதாசிகளும் ஒரு நூற்கண்டுமே. அசனுக்குத் தாயை அடையக் கடல்கள் பல கடக்க வேண்டியிருந்தது. ஒரே கூரையின்கீழ் வாழும் தாயும் மகளும் ஒருவரையொருவர் அடைவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அதை ஒதுக்குவார்களா?