டிஜிட்டல் பிரிண்ட் துணி: வாங்கும் முன் பாருங்க

(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



நைட்டி, சுடிதார் தைக்கிற நம் குழுக்களிடம் இப்போ "டிஜிட்டல் பிரிண்ட் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். ஆறு கலர் பூ என்றால் ஆறு ஸ்கிரீன். பத்து நைட்டிக்கு அது கட்டுமா? டிஜிட்டலில் ஸ்கிரீனே கிடையாது. கம்ப்யூட்டரில் உள்ள டிசைனை மெஷின் நேராகத் துணியில் மை தெளித்து அடித்துவிடும். பத்து, இருபது மீட்டருக்கு நமக்கு அதுதான் சரி. ஒரே டிசைனில் ஆயிரக்கணக்கான மீட்டர் என்றால் ஸ்கிரீன்தான் மலிவு.

ஆனா ஒன்று. காட்டனுக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் மை. அடிப்பதற்கு முன்னால் துணிக்கு சோடா கலந்த பூச்சு, அடித்த பிறகு நீராவி, அப்புறம் நல்ல அலசல். நீராவி குறைந்தால் சாயம் பிடிக்காது, முதல் துவைப்பிலேயே போகும். திட்டு வாங்குவது பிரிண்ட் போட்டவர் இல்லை, தைத்துக் கொடுத்த நாம்தான். பாலியஸ்டருக்கு, காகிதத்தில் அடித்து சூட்டில் அழுத்தி ஏற்றுகிறார்கள். காட்டனில் அது நிற்காது. பாலியஸ்டரையே காட்டன் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்க. காட்டன் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணி மாதிரி இறுகிவிடும்.

மெஷின் வாங்கக் கடன் கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பது நம் கருத்து. தினமும் ஓடாவிட்டால் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் தவணை கட்டியாகணும். வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குவோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு சாம்பிள் துண்டு கொண்டு வாங்க. ஒன்று மூன்று தடவை துவைத்தது, ஒன்று துவைக்காதது.