மாற்றுச் சாவி வேறு கிளையில் இருக்கட்டும்

(நமது சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், தனியாக வெளிநாடு போகும் பெண்களின் பாதுகாப்பு பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு நான் ஆறு நாள் சிங்கப்பூர் போய்வந்தேன். தனியாக. அங்கே எனக்கு மகனோ மகளோ உறவினரோ கிடையாது. பார்க்க வேண்டும் என்று ஆசை, போனேன். அதிலிருந்து லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும் ஒரே கேள்வி, "பயமா இல்லையா மேடம்?" என்பதுதான். அதற்குப் பதிலாகவே இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சுற்றிப் பார்த்த இடங்களைப் பற்றி யூடியூபில் நிறைய இருக்கிறது. நான் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வங்கியில் பணப் பெட்டக அறையை ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஒரு சாவி காசாளரிடம், இன்னொன்று மேலாளரிடம் இருக்கும். மாற்றுச் சாவிகளை அதே கட்டடத்தில் வைக்க மாட்டோம், வேறு கிளையில் ஒப்படைத்து ரசீது வாங்குவோம். யார் மீதும் சந்தேகம் கிடையாது. ஒன்று தொலைந்தால் எல்லாம் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். பயணத்துக்கும் நான் வைத்துக்கொண்ட விதி அதுவே.

முதலில் காகிதங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவை, அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அதோடு வருகை அட்டை ஒன்றும் உண்டு. போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது அரசின் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று கைப்பையில், ஒன்று பெரிய பெட்டியில், ஒன்று வீட்டில் நம்பிக்கையானவரிடம். போனில் படமும் இருக்கட்டும், ஆனால் போனில் மட்டும் இருக்கக் கூடாது.

அடுத்து பணம். வெளிநாட்டு நோட்டாகப் பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை கொண்டுபோக விதி இடம் தருகிறது. அவ்வளவு நோட்டு நமக்குத் தேவையே இல்லை. இரண்டு மூன்று நாள் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு மீதியை கார்டில் வையுங்கள். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டுகள் வேண்டும், இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்கக் கூடாது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும்படி வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கியின் செயலியில் திறக்க வேண்டும், தினசரி உச்சவரம்பையும் வைக்கலாம். திரும்பி வந்ததும் மூடிவிடுங்கள். ஓடிபி நம் ஊர் எண்ணுக்குத்தான் வரும். அதனால் அங்கே வேறு சிம் வாங்கினாலும் நம் சிம்மில் ரோமிங் இருக்கட்டும்.

கடையில் கார்டைக் கொடுத்தால், இயந்திரம் ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா என்று கேட்கும். ரூபாய் என்றதும் நமக்கு மனசுக்கு நெருக்கமாக இருக்கும். அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் மாற்றித் தருகிற விலை பெரும்பாலும் நமக்குப் பாதகமானது. இரவு படுக்கும் முன் காலையில் இருந்தது, செலவு, மீதி என்று எழுதிப் பாருங்கள். கவுண்டரில் பல வருடம் செய்த வேலை, இரண்டு நிமிடம்தான் ஆகும். ஏதாவது இடித்தால் அன்றே தெரிந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன போடுகிறோம் என்பதும் பாதுகாப்புதான். நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசாவுக்குச் சிங்கப்பூரில் தடை உண்டு. குருமாப் பொடியில் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். சூயிங் கம்மும் கூடாது. தினமும் சாப்பிடும் மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம், கிளம்பும் முன்பே விசாரியுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. சென்னை விமான நிலைய வரிசையில் என் வயதுள்ள ஒரு அம்மா பக்கத்தில் வந்தார். "எடை கூடிப்போச்சுங்க, பொண்ணுக்குத் துணியும் பலகாரமும்தான், இந்த ஒரு பையை மட்டும் உங்க பேர்ல போட்டுக்குங்க, இறங்கினதும் வாங்கிக்கிறேன்" என்றார். என் பெட்டி பாதி காலி, அது அவருக்கும் தெரிந்தது. நான் "முடியாதுங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்திருக்கலாம். ஆனால் சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. பொருள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அது என்னவென்று தெரியும் என்றே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஒருவர் மனம் வாடுவதற்கு எதிராக வைத்துப் பார்க்க வேண்டிய எடை இது.

பெண்களாகிய நமக்கு மறுப்பதுதான் கஷ்டம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் அவர்கள் ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று வளர்ந்திருக்கிறோம். காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வரும், பேச்சு வளரும். "வேண்டாம்", "முடியாது" என்று சொல்லிவிட்டு நகருங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

இறங்குகிற நேரம் பகலாக இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். டிக்கெட் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சிங்கப்பூரில் விமான நிலையத்துக்குள்ளேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. அறிவிப்புப் பலகைகளில் தமிழைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விடும். நான் லிட்டில் இந்தியா நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். சாப்பாடும் கோயிலும் நடக்கிற தூரத்தில் இருந்தன. வரவேற்பு மேசையில் அறை எண்ணை உரக்கச் சொன்னால், எழுதிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போனதும் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அவசர வழி எந்தப் பக்கம் என்று ஒருமுறை நடந்து பாருங்கள். விடுதியின் முகவரிச் சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும். பேச்சுத் துணையாகச் சேர்கிறவர் கேட்டால் எங்கே தங்கியிருக்கிறேன், தனியாக வந்தேனா என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை.

கவுண்டரில் கற்ற இன்னொரு பாடம்: யார் அவசரப்படுத்துகிறாரோ, அவர் முன்னால் இன்னொரு முறை எண்ண வேண்டும். "இப்பவே முடிவு பண்ணுங்க, இன்னிக்கு மட்டும்தான்" என்று டாக்ஸிக்காரர் சொன்னாலும் சரி, கடைக்காரர் சொன்னாலும் சரி, போனில் போலீஸ் என்று ஒருவர் சொன்னாலும் சரி, நிதானமாகுங்கள். இது வீட்டில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். "உங்க அம்மாவுக்கு விபத்து, உடனே பணம் அனுப்புங்க" என்று மகனுக்கு அழைப்பு வரலாம். கிளம்பும் முன் குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் வராமல் ஒரு பைசா போகக் கூடாது.

ஏதாவது நடந்துவிட்டால்? அங்கே போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், அந்த நகலோடு கிரேஞ்ச் ரோட்டில் உள்ள நம் தூதரகம். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். கார்டு தொலைந்தால் முதல் வேலை அதை முடக்குவது. வங்கியின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், போனும் சேர்ந்தே தொலையலாம்.

வீட்டையும் மறக்க வேண்டாம். போகிற தேதியை நம் செக்யூரிட்டிக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள், பேப்பரை நிறுத்துங்கள், காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீட்டுக்கு நாமே விளம்பரம் கொடுக்க வேண்டாம்.

முடிக்கும் முன் ஒன்று. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். நம் குடியிருப்பில் ஒரு சகோதரி. கணவர் இருந்தவரை பாஸ்போர்ட், பாஸ்வேர்டு, வங்கி, டிக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் காலமான பிறகு, வெளிநாட்டில் மகளுக்குப் பிரசவம். மகள் டிக்கெட் போடத் தயாராக இருந்தாள். ஆனால் இவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது, எங்கே இருக்கிறது என்றே தேட வேண்டியிருந்தது. ஏற்பாடு எல்லாம் முடிந்து, தனியாகப் போகும் தைரியமும் வந்து சேர்ந்தபோது பேத்திக்கு நாலு மாதம். இவரை எந்தத் திருடனும் ஏமாற்றவில்லை. எல்லாச் சாவியும் ஒரே கையில் இருந்ததுதான் காரணம். அந்தக் கை அன்பான கைதான், இருந்தாலும் ஒரே கை.

ஆகவே, வெளிநாடு போகிறவர்களும் போகப்போவதே இல்லை என்று நினைப்பவர்களும் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து அதன் கடைசித் தேதியைப் பாருங்கள். இல்லாதவர்கள் விண்ணப்பம் போடுங்கள். படிவம் நிரப்புவதிலோ கார்டு அமைப்பதிலோ சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை மாலை சங்க அறையில் இருப்பேன். பாஸ்வேர்டை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.