பிரவுசர் திறந்தால் மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தோம். 'அலுவலகக் கணினி பழுதானது, சரி செய்யப்பட்டது' என்று. அப்படியென்ன பழுது, அதுக்கு ஏன் பாஸ்வேர்டெல்லாம் மாத்தினீங்கன்னு துரிஞ்சாபுரம், தண்டராம்பட்டு பக்கத்து உறுப்பினர்கள் கேட்டீங்க. ஒரே வரியில் முடித்தது எங்க தப்புதான். இன்னிக்கு முழுசா சொல்லிடுறோம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள். மூணு குழுவோட வங்கிக் கடன் விவரத்தை அன்னிக்கே கம்ப்யூட்டரில் ஏத்தியாகணும். பிரவுசரைத் தொட்டால் திறக்குது, உடனே மூடுது. தப்பித்தவறித் திறந்தாலும் நாம கேட்ட பக்கம் வரலை. பேர் தெரியாத ஒரு தேடல் பக்கமும், பரிசு விழுந்திருக்குன்னு சொல்ற விளம்பரமும் வருது.

நாங்க முதல்ல என்ன செஞ்சோம் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்றோம், கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணைத் திட்டினோம். நாலு பேர் இருக்கும்போதே, "உன்னை வேலைக்கு வச்சதே தப்பு" என்று வரைக்கும் பேச்சு போச்சு. அவ அழுதுகிட்டே சொன்னா. "அக்கா, கிரிவலத்துக்கு நேரம் எப்போன்னு தேடினேன். காலண்டர் டவுன்லோடுன்னு பெரிசா ஒரு பச்சைப் பட்டன் வந்துச்சு, அமுக்கிட்டேன். முதல் பக்கம் மாறி பத்து நாள் ஆகுது. திட்டுவீங்கன்னு சொல்லலை."

பத்து நாள். இதை ஞாபகத்தில் வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

அவளுக்கு மட்டும் நடந்ததில்லை இது. ஸ்பைவேர், அதாவது உளவு மென்பொருள், வாசலில் நின்னு தட்டிட்டு வராது. இலவசமா கிடைக்கிற இன்னொரு மென்பொருளோட ஒட்டிக்கிட்டு வரும். 2003-இல் கூல்வெப்சர்ச் என்று ஒன்று கிளம்பி, உலகம் முழுக்கப் பிரவுசர்களைத் தன் விளம்பரப் பக்கத்துக்கு இழுத்துக்கிட்டுப் போச்சு. நீக்க நீக்கப் புதுப்புது வேஷத்தில் வந்தது. அதை நீக்கறதுக்கென்றே நெதர்லாந்தில் ஒரு மாணவர், மெரைன் பெல்லெகோம், சின்னக் கருவி எழுதி இலவசமாகக் கொடுத்தார். 2017 ஜூனில் ஃபயர்பால் என்ற இன்னொன்றைப் பற்றி செக் பாயிண்ட் நிறுவனம் அறிக்கை விட்டது. உலகத்தில் 25 கோடி கம்ப்யூட்டர், அதில் இந்தியாவில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல், எல்லா நாட்டையும் விட அதிகம் என்று. அந்த எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கையில்தான் தகராறு, வந்த வழி அதேதான்: இலவச மென்பொருளோட ஒட்டு.

கதைக்கு வர்றோம். ரிப்பேர்காரர் ஒருத்தருக்குப் போன் போட்டோம். "ஃபார்மெட் போட்டுடலாம்" என்றார். நாலு வருஷத்து லெட்ஜர் அதுக்குள்ள இருக்கு, வேற எங்கேயும் நகல் இல்லை. வேண்டாம்னுட்டோம். (சில சமயம் ஃபார்மெட்தான் வழி. ஆனா ஃபைலையெல்லாம் வேற இடத்தில் எடுத்து வச்ச பிறகுதான்.) நாங்களே ஆன்டிவைரஸை ஓட விட்டோம். ஏழெட்டு பூச்சியைப் பிடிச்சுது. சந்தோஷப்பட்டோம். திறந்து பார்த்தா இப்போ ஒரு பக்கமும் வரலை! முன்னே தப்பான பக்கமாவது வந்துச்சு.

நம்ம உறுப்பினர் ஒருத்தரோட மகள் பாலிடெக்னிக் படிக்குது. அதுதான் வந்து விளக்கிச்சு. ஏரித் தண்ணி நம்ம வாய்க்காலில் வருது. ஒருத்தன் மடையை மாத்தி, தண்ணி பூரா தன் கொல்லை வழியா போற மாதிரி பண்ணிட்டான். ஆளைப் பிடிச்சுட்டோம். ஆனா மடை அவன் மாத்தினபடியே கிடக்கு. தண்ணி எப்படி நம்ம நிலத்துக்கு வரும்?

கம்ப்யூட்டரில் அந்த மடைக்கு பிராக்சி என்று பேர். செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் பிராக்சி. அங்கே 'யூஸ் எ பிராக்சி சர்வர்' ஆனாகி, 127.0.0.1 என்ற எண் இருந்தது. அது வெளியூர் முகவரி இல்லை, அதே கம்ப்யூட்டரோட முகவரி. உள்ளே உட்கார்ந்திருந்த உளவாளிகிட்ட எல்லாத்தையும் கொடுத்துட்டுப் போன்னு அர்த்தம். அதை ஆஃப் பண்ணினதும் பக்கங்கள் வந்துடுச்சு. அதுக்கும் வரலைன்னா, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்யணுமாம். எங்களுக்கு அது தேவைப்படலை.

அப்புறம் அந்தப் பொண்ணு விடலை. ஆப்ஸ் பட்டியலை நிறுவின தேதி வரிசையில் வச்சு, அந்தப் பச்சைப் பட்டன் நாளில் வந்த மூணையும் நீக்குச்சு. பிரவுசரில் நாம போடாத எக்ஸ்டென்ஷனை எடுத்துட்டு, ரீசெட் கொடுத்துச்சு. டெஸ்க்டாப்பில் இருந்த குரோம் படத்தில் வலது பக்கம் சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைக் காட்டிச்சு. 'குரோம் டாட் இஎக்ஸ்இ' என்பதோட முடிய வேண்டிய வரி, அதுக்குப் பின்னாடி ஒரு வெப்சைட் முகவரியோட நீண்டுகிட்டு இருந்தது! கடைசியா விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கிற டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுசா எழுந்திருக்கும் முன்பே தேடுறதால, ஒளிஞ்சிருக்கிறது தப்பிக்கிறது கஷ்டம். கால் மணி நேரம் ஆச்சு. இதுக்கெல்லாம் காசு கொடுக்கலை. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் 2017 முதல் இலவசக் கருவிகள் தருது.

பிரவுசர் திறந்தது. டீ வாங்கிட்டு வரச் சொன்னோம். அப்போ அந்தப் பொண்ணு கேட்டுது. "அக்கா, இந்தப் பத்து நாளில் இதுல என்னென்ன பாஸ்வேர்டு அடிச்சீங்க?"

யாருக்கும் பேச்சு வரலை.

வங்கிப் பக்கம் அடிச்சோம். இமெயில் அடிச்சோம், அதுல உறுப்பினர்களோட ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் இருக்கு. அடிக்காத பாஸ்வேர்டையும் பிரவுசரே சேமித்து வச்சிருந்தது. கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தை மேஜை மேல வச்சுட்டுப் போன மாதிரி. பிரவுசர் திறக்கலைங்கிறதுக்குக் கத்தின நாங்க, அது நல்லா திறந்துகிட்டிருந்த பத்து நாள் என்ன போச்சுன்னு யோசிக்கவே இல்லை. அந்தப் பத்து நாளை உண்டாக்கினது பச்சைப் பட்டன் மட்டுமில்லை, எங்க வாயும்தான்.

அன்னிக்கே வேறொரு சுத்தமான போனில் இருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்தினோம். முதல்ல இமெயில், ஏன்னா மத்ததை மாத்துற சாவி அங்கேதான் வரும். வங்கிக் கிளைக்கு எழுதிக் கொடுத்தோம். ஒரு மாசக் கணக்கை வரிவரியாப் பார்த்தோம், ஒரு ரூபாயும் போகலை. போயிருந்தா உடனே 1930-க்குக் கூப்பிடணும், தாமதமாக ஆகப் பணத்தை நிறுத்தி வைக்கிறது கஷ்டம். ஆதார் நகலை யாராவது எடுத்தாங்களான்னு எங்களால் சொல்ல முடியலை. அதனாலதான் ஒவ்வொருத்தரையும் கணக்கைப் பார்த்துக்கச் சொன்னோம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகைன்னு ஏபிகே ஃபைல் வந்தாலும் இதே கதைதான், தொடாதீங்க.

கம்ப்யூட்டர் பார்க்கிற பொண்ணு இப்பவும் நம்மகிட்டதான் வேலை செய்றா. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் அவகிட்ட வருத்தம் தெரிவிச்சோம். இப்போ மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கு. எது புதுசா ஏத்தினாலும், எது வித்தியாசமா தெரிஞ்சாலும் தேதி போட்டு எழுதுறா. போன வாரம் பிரிண்டரில் கோடு விழுதுன்னு எழுதியிருந்தா. மை தீர்ந்து போச்சு, அவ்வளவுதான்.